பிறர் அச்சத்தை ஏற்று விற்றவர்கள்: மந்தி வணிகத்தின் வரலாறும் சிராவக அறமும்

1956ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் பங்குப் பத்திர ஒப்பந்தங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் இரண்டாம் பிரிவில், சட்ட மொழியின் கடினமான தொடர்களுக்கு நடுவே, சில கடைத்தெருச் சொற்கள் அமர்ந்திருப்பதைக் காணலாம். தேஜி, மந்தி, தேஜி-மந்தி, கல்லி என்பன அவை. பம்பாயிலும் கல்கத்தாவிலும் குஜராத்தி, மார்வாடி வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசிவந்த சொற்கள் சட்டத்தின் வரையறைக்குள் அப்படியே ஏறிக்கொண்டன. அவ்வணிகர்களுள் சமணர் கணிசமானவர் என்பது வரலாறு அறிந்த செய்தி. தேஜி என்றால் விலை ஏற்றம்; மந்தி என்றால் விலைச் சரிவு. இன்றைய பங்குச் சந்தையில் 'கால் ஆப்ஷன்' என்றும் 'புட் ஆப்ஷன்' என்றும் வழங்குபவை இவையே.

சட்டம் இச்சொற்களை வரையறுத்தது, இவற்றைத் தடை செய்வதற்காகவே. அதே சட்டத்தின் இருபதாம் பிரிவு அந்த ஒப்பந்தங்களைச் செல்லாதவை ஆக்கிற்று. 1995இல் அப்பிரிவு நீக்கப்பட்டது. 2001 ஜூன் மாதத்தில் குறியீட்டெண் ஆப்ஷன்களும், ஜூலை மாதத்தில் தனிப் பங்குகளின் ஆப்ஷன்களும் முறையான சந்தைக்கு வந்தன. தாத்தா காலத்தில் குற்றமாக இருந்த ஒன்று பேரன் காலத்தில் கைப்பேசியில் விரல் நுனிக்கு வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அதன் இயல்பு மாறியதா என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது தக்கது. குறிப்பாக மந்தியை விற்பவர், அதிலும் நெடுந்தவணைக்கு விற்பவர், எதைப் பெறுகிறார், எதை ஏற்கிறார் என்பதை இல்லறத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று.

மந்தி என்பது யாது?

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். ஒருவரிடம் ஒரு நிறுவனத்தின் 500 பங்குகள் உள்ளன. ஒரு பங்கின் விலை 1,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் விலை வீழ்ந்துவிடுமோ என்று அவர் அஞ்சுகிறார். மற்றொருவர் அவரிடம், "தவணை நாளில் விலை எவ்வளவு வீழ்ந்திருந்தாலும் நான் உம்மிடமிருந்து 1,000 ரூபாய்க்கே வாங்கிக்கொள்கிறேன், இந்த வாக்குக்காகப் பங்கு ஒன்றுக்கு 120 ரூபாய் இப்போதே தருக" என்கிறார். அஞ்சியவர் 60,000 ரூபாய் கொடுத்து நிம்மதி பெறுகிறார். வாக்குக் கொடுத்தவர் அத்தொகையைக் கையில் பெறுகிறார். இவரே மந்தி விற்றவர்.

விலை 1,800 ஆக உயர்ந்தாலும் விற்றவர் பெறுவது அதே 60,000 ரூபாய்தான். விலை 880க்குக் கீழே இறங்கும்போது அவருக்கு இழப்பு தொடங்குகிறது. விலை 600 ஆக இறங்கினால் 2,00,000 ரூபாய் குறை ஏற்பட்டு, பெற்ற தொகை போக 1,40,000 ரூபாய் கைவிட்டுப் போகும். நிறுவனமே அழிந்தால் இழப்பு 4,40,000 ரூபாய். ஆதாயத்துக்கு உச்சவரம்பு உண்டு. இழப்பு, வாக்களித்த விலை முழுவதையும் தொட வல்லது.

இவ்வாறு கூறுவதால் இவ்வணிகம் அறிவற்றது என்று முடிவு செய்துவிடலாகாது. காப்பீட்டு நிறுவனம் செய்வதும் ஏறத்தாழ இதுவே. ஒருவருடைய அச்சத்தை மற்றொருவர் ஊதியம் பெற்றுத் தாங்குகிறார். அஞ்சியவர் உறங்குகிறார், தாங்கியவர் தம் செல்வத்தின் வலிமையால் வருவாய் பெறுகிறார். பொதுவாக அஞ்சுபவர்கள் தம் அச்சத்துக்கு உரியதைவிடச் சற்று மிகுதியாகவே விலை கொடுக்கின்றனர். எனவே பெரும்பாலான ஆண்டுகளில் மந்தி விற்றவர் ஆதாயமே காண்கிறார். சிக்கல் எஞ்சிய சில ஆண்டுகளில்தான் இருக்கிறது.

ஆம்ஸ்டர்டாம் முதல் லண்டன் வரை

பங்குச் சந்தை பிறந்தபோதே இந்த வணிகமும் பிறந்துவிட்டது எனலாம். 1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டு, அதன் பங்குகள் ஆம்ஸ்டர்டாமில் கைமாறின. 1688இல் ஜோசப் தெ லா வேகா என்பவர் ஸ்பானிய மொழியில் 'குழப்பங்களின் குழப்பம்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் வெளியிட்டார். தத்துவஞானி, வணிகர், பங்கு வியாபாரி ஆகிய மூவர் உரையாடும் வடிவில் அமைந்த அந்நூல், விலை ஏற்றத்துக்கும் சரிவுக்கும் முன்பணம் கொடுத்து உரிமை வாங்கும் வழக்கத்தை விரிவாகப் பேசுகிறது. பங்குச் சந்தையைப் பற்றி உலகில் எழுந்த முதல் நூலிலேயே மந்திக்கு இடம் கிடைத்திருப்பது கருதத்தக்கது.

இங்கிலாந்தில் 1734இல் சர் ஜான் பர்னார்டு கொண்டுவந்த சட்டம் இத்தகைய ஒப்பந்தங்களைத் தடை செய்தது. அச்சட்டம் 1860 வரை ஏட்டில் இருந்தது. ஆயினும் சந்தையில் வணிகம் நிற்கவில்லை. சட்டத்தின் துணை இல்லாத ஒப்பந்தம் ஒருவருடைய சொல்லையே நம்பி நிற்க வேண்டியதாயிற்று. பம்பாயின் மந்தி வணிகமும் 1956க்குப் பிறகு இந்நிலையில்தான் இருந்தது.

ரசல் சேஜும் 1884ஆம் ஆண்டும்

மந்தி விற்பதையே பெருந்தொழிலாகச் செய்தவர் நியூயார்க் நகரின் ரசல் சேஜ். 1816இல் பிறந்த இவர் மளிகைக் கடை ஏவலாளாகத் தொடங்கி, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகி, பின்னர் பங்குச் சந்தையில் பெருஞ்செல்வர் ஆனார். கடும் சிக்கனத்துக்குப் பெயர் பெற்றவர். 1870களில் இவர் விற்ற உரிமைச் சீட்டுகள் நியூயார்க்கில் பணத்தைப் போலவே மதிக்கப்பட்டன. காரணம் எளியது. சேஜிடம் எப்போதும் ரொக்கம் இருக்கும் என்று ஊர் நம்பியது.

1884 மே 6ஆம் நாள் 'கிராண்ட் அண்ட் வார்டு' என்னும் நிறுவனம் திவாலாயிற்று. முன்னாள் அதிபர் யுலிசிஸ் கிராண்ட் அதன் பங்காளிகளுள் ஒருவர். அதனைத் தொடர்ந்து வங்கிகள் ஆட்டம் கண்டன. பங்கு விலைகள் சரிந்தன. சேஜ் விற்ற மந்திச் சீட்டுகளை வைத்திருந்தவர்கள் அனைவரும் ஒரே வேளையில் அவர் அலுவலக வாசலில் திரண்டனர். சேஜ் தாமதித்தார், கதவை அடைத்தார் என்றும் செய்திகள் எழுந்தன. ஆயினும் இறுதியில் பணத்தைக் கொடுத்துத் தீர்த்தார். அவருடைய இழப்பு ஏறத்தாழ 70 இலட்சம் டாலர் என்று அக்காலத்தில் மதிப்பிட்டனர்.

இந்நிகழ்ச்சி மந்தி வணிகத்தின் அடிப்படை உண்மை ஒன்றைக் காட்டுகிறது. தீக்காப்பீடு செய்பவருக்கு ஒரு தெருவில் தீப்பற்றினால் அடுத்த ஊரில் பற்றுவதில்லை. ஒருவர் வீட்டுத் துன்பத்தைப் பலர் வீட்டுக் கட்டணம் ஈடு செய்கிறது. சந்தைச் சரிவோ எல்லார் வீட்டிலும் ஒரே நாளில் புகுகிறது. பத்து ஆண்டுகளாகப் பத்துப் பேரிடம் தனித்தனியே பெற்ற கட்டணத்தைப் பத்துப் பேரும் ஒரே காலையில் திரும்பக் கேட்பர். அந்நாளில் விற்றவருடைய சொந்தச் செல்வமும் விலை குறைந்தே இருக்கும். சேஜ் தாங்கினார் என்றால் ரொக்கம் வைத்திருந்ததே காரணம்.

பிரேம்சந்த் ராய்சந்த்: ஒரு சமணச் செல்வரின் பாடம்

சேஜுக்கு இருபது ஆண்டுகள் முன்னதாகவே பம்பாய் இத்தகைய ஒரு நாளைக் கண்டுவிட்டது. சூரத்தில் 1831இல் பிறந்த சமணர் பிரேம்சந்த் ராய்சந்த், 'பருத்தி அரசர்' எனப் புகழப்பட்டவர். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டு, அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பருத்தி வருவது நின்றது. இந்தியப் பருத்தியின் விலை வானளாவ உயர்ந்தது. பம்பாயில் குவிந்த பணம் நிலமீட்புக் கம்பெனிகளிலும் புதிய வங்கிகளிலும் பாய்ந்தது. அவற்றுள் தலையாயது பேக் பே நிலமீட்புக் கம்பெனி.

அந்நாளில் பெரிதும் நடந்தவை தவணைப் பேரங்கள். 1865 ஜூலை 1ஆம் நாள் இன்ன விலைக்குப் பங்குகளைப் பெற்றுக்கொள்கிறேன் என்று முன்னதாகவே வாக்களிப்பது அதன் முறை. இது மந்தியிலிருந்து வேறுபட்டது. வாங்குவதாகச் சொன்னவருக்கு விலை உயர்ந்தால் ஆதாயம் முழுவதும் உண்டு. எனினும் விலை வீழ்ந்தால் இருவர் நிலையும் ஒன்றே: குறித்த நாளில் குறித்த விலையைக் கொடுத்தே தீர வேண்டும். அவ்வகையில் தவணைப் பேரம் மந்திக்கு உடன்பிறப்பு.

1865 ஏப்ரலில் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. ஜூலை 1 வந்தபோது வாக்களித்தவர்களிடம் பணம் இல்லை. ஒருவர் தர வேண்டியதை நம்பி மற்றொருவர் வாக்களித்திருந்தமையால் ஒருவர் வீழ்ந்ததும் வரிசையாகப் பலர் வீழ்ந்தனர். பங்குகளை அடகாகக் கொண்டு பெருந்தொகை கடன் கொடுத்திருந்த பம்பாய் வங்கியும் தப்பவில்லை. சில ஆண்டுகளில் அது கலைக்கப்பட்டது. பிரேம்சந்தும் பெருஞ்செல்வத்தை இழந்தார்.

ஆயினும் அவர் பெயர் இன்றும் நிற்கிறது. நல்ல காலத்தில், 1864இல், பம்பாய்ப் பல்கலைக்கழக நூலகத்துக்கு இரண்டு இலட்சம் ரூபாயும், அதனோடு இணைந்த மணிக்கூண்டுக்கு மேலும் இரண்டு இலட்சம் ரூபாயும் அவர் வழங்கியிருந்தார். தாயார் ராஜாபாய் பெயரால் அக்கோபுரம் 1878இல் எழுந்து முடிந்தது. கண் பார்வை குன்றிய அன்னையார், சூரியன் மறையுமுன் உண்ணும் சமண நெறியைக் காப்பதற்கு அம்மணியோசை துணையாக வேண்டும் என்று மகன் கருதியதாக ஒரு வழக்கு உண்டு. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் அவர் நிறுவிய ஆய்வு உதவித்தொகை பல அறிஞர்களை உருவாக்கியது. 1875இல் தோன்றிய பம்பாய்ப் பங்குத் தரகர் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவராகவும் அவர் மதிக்கப்படுகிறார். அவர் தானமாகக் கொடுத்துவிட்டதை 1865இன் சரிவு தீண்ட முடியவில்லை. வாக்காகக் கொடுத்தவைதாம் அவரை வீழ்த்தின. சேஜும் பிரேம்சந்தும் 1906ஆம் ஆண்டிலேயே காலமாயினர் என்பது தற்செயலான ஓர் ஒற்றுமை.

நெடுந்தவணையின் இருமுகம்

1973இல் இரண்டு நிகழ்ச்சிகள் இவ்வணிகத்தின் போக்கை மாற்றின. சிகாகோவில் ஆப்ஷன்களுக்கெனத் தனிச் சந்தை திறக்கப்பட்டது. பிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் ஆகிய இருவர் ஆப்ஷன் விலையைக் கணக்கிடும் வாய்பாட்டை அதே ஆண்டில் வெளியிட்டனர். 1977இல் மந்தியும் அச்சந்தைக்கு வந்தது. 1990இல் ஓராண்டுக்கு மேற்பட்ட நெடுந்தவணை ஆப்ஷன்கள் அறிமுகமாயின. இந்தியாவிலும் 2008இல் நிஃப்டி குறியீட்டெண்ணின் மீது நெடுந்தவணை ஆப்ஷன்கள் வந்தன. தனிப் பங்குகளுக்கோ மூன்று மாதத் தவணைகளே உள்ளன.

தவணை நீளும்போது மந்தி விற்பவருக்குச் சில நன்மைகள் உண்டு. கட்டணம் மிகுதி. அது முழுவதும் முதல் நாளே கைக்கு வருவதால் பல ஆண்டுகள் அதனை முதலீடு செய்து பெருக்கலாம். நிறுவனங்கள் தம் இலாபத்தில் ஒரு பகுதியை மீண்டும் தொழிலில் இடுவதாலும், பணவீக்கத்தால் விலைகள் உயர்வதாலும், நீண்ட காலத்தில் குறியீட்டெண் மேல்நோக்கிச் செல்வதே பெரும்பான்மை. இடையில் வீழ்ந்தாலும் மீண்டெழக் காலம் இருக்கிறது.

தீமைகளும் அதே காலத்தின் மடியில்தான் பிறக்கின்றன. மூன்று மாத வாக்கை ஓரளவு கணித்துக் கொடுக்கலாம். பத்தாண்டில் எந்த நிறுவனம் நிலைத்திருக்கும் என்று யாரால் கூற இயலும்? குறியீட்டெண்ணில் நலிந்த நிறுவனம் நீங்கி வலிய நிறுவனம் சேரும். தனிப் பங்குக்கு அப்பாதுகாப்பு இல்லை. 2009 ஜனவரி 7ஆம் நாள் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டபோது, அதன் பங்கு ஒரே நாளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்குக்கு மேல் மதிப்பை இழந்தது. முந்திய நாள் மாலை அப்பங்கின் மந்தியை விற்றுக் கட்டணம் பெற்று மகிழ்ந்தவர் மறுநாள் எந்நிலையில் இருந்திருப்பார் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

குறியீட்டெண்ணும் முற்றிலும் நம்பத்தக்கதன்று. ஜப்பானின் நிக்கெய் குறியீட்டெண் 1989 டிசம்பர் இறுதியில் 38,915 என்னும் உச்சத்தைத் தொட்டது. இருபது ஆண்டு கழித்து, 2009 இறுதியில், அது 10,546. பழைய உச்சத்தைத் தாண்டியது 2024 பிப்ரவரியில்தான். இடையே 34 ஆண்டுகள் கழிந்துவிட்டன. 1980களின் இறுதியில் ஜப்பானியக் காப்பீட்டு நிறுவனங்கள் சில, கூடுதல் வட்டி பெறும் ஆசையால், கடன் பத்திரங்களுக்குள் பொதிந்த வடிவில் நிக்கெய் மந்தியை விற்றன. அவை அமெரிக்க முதலீட்டு வங்கிகளின் வழியே கைமாறி, 1990 ஜனவரியில் நியூயார்க்கில் பொதுமக்களுக்கே விற்பனைக்கு வந்தன. வாங்கியவர் பெற்றனர், விற்றவர் இழந்தனர். சந்தை ஒருபோதும் வீழாது என்று ஒரு நாடே நம்பிய வேளையில் அந்த வாக்குகள் மலிவாக விற்கப்பட்டன என்பதைக் கருத வேண்டும்.

ஒரே சரக்கு, இரு முடிவுகள்

நெடுந்தவணை மந்தியின் வரலாற்றில் அருகருகே வைத்து எண்ணத்தக்க இரு நிகழ்ச்சிகள் உள்ளன.

முதலாவது, 1994இல் தொடங்கிய 'லாங் டேர்ம் கேப்பிடல் மேனேஜ்மென்ட்' என்னும் அமெரிக்க நிதியம். வாய்பாட்டின் ஆசிரியர்களுள் ஒருவரான ஷோல்ஸும், அதனை வளர்த்த ராபர்ட் மெர்டனும் அதன் பங்காளிகள். 1997இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். அந்நிதியம் அமெரிக்க, ஐரோப்பியக் குறியீட்டெண்களின் மீது ஐந்தாண்டுத் தவணை ஆப்ஷன்களை விற்றது. அச்சத்தின் விலை அளவுக்கு மீறி உயர்ந்துள்ளது, நாளடைவில் தணியும் என்பது அவர்கள் கணிப்பு. 1998 ஆகஸ்டில் ரஷ்யா தன் கடனைத் திருப்பித் தர மறுத்ததும் உலகச் சந்தைகள் நடுங்கின. அச்சத்தின் விலை தணிவதற்குப் பதிலாக மேலும் உயர்ந்தது. தவணை நாள் இன்னும் ஆண்டுக்கணக்கில் தொலைவில் இருந்தும், அன்றாட விலைப்படி ஈட்டுத்தொகை கட்ட வேண்டிய கட்டாயம் நிதியத்துக்கு இருந்தது. கடன் வாங்கிய பணத்தில் பன்மடங்கு வணிகம் செய்திருந்தமையால் தாங்க இயலவில்லை. ஆண்டின் தொடக்கத்தில் 470 கோடி டாலராக இருந்த மூலதனம் சில மாதங்களில் பெரும்பாலும் கரைந்தது. ஆப்ஷன் வகை இழப்பு மட்டுமே 130 கோடி டாலர் அளவினது. செப்டம்பரில் பதினான்கு வங்கிகள் ஏறத்தாழ 360 கோடி டாலர் இட்டு அதனைத் தாங்கிப் பிடித்தன.

இரண்டாவது, வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்வே நிறுவனம். வழிப்பொருள் ஒப்பந்தங்களைப் பேரழிவு ஆயுதங்களுக்கு ஒப்பிட்டு எழுதியவர் பஃபெட். அவரே 2004 முதல் 2008 தொடக்கம் வரை, அமெரிக்க, பிரிட்டானிய, ஐரோப்பிய, ஜப்பானியக் குறியீட்டெண்கள் நான்கின் மீது 15, 20 ஆண்டுத் தவணைகளில் மந்தி விற்றார். பெற்ற கட்டணம் 490 கோடி டாலர். ஏற்ற பொறுப்பின் உச்ச அளவு, நான்கு குறியீட்டெண்களும் சுழியமானால், 2008 இறுதிக் கணக்கின்படி 3,710 கோடி டாலர். நான்கும் 25 விழுக்காடு வீழ்ந்திருந்தால் ஏறத்தாழ 900 கோடி டாலர் தர வேண்டிவரும். முதல் தவணை 2019 செப்டம்பரில். இறுதித் தவணை 2028 ஜனவரியில்.

2008இல் உலகச் சந்தைகள் சரிந்தன. வாய்பாட்டின்படி அவ்வாண்டு இறுதியில் அந்நிறுவனம் ஏட்டில் காட்ட வேண்டிய பொறுப்பு 1,000 கோடி டாலர். பெற்ற கட்டணம் போக 510 கோடி டாலர் ஏட்டு இழப்பு. மறு ஆண்டில் தர மதிப்பீட்டு நிறுவனங்கள் பெர்க்ஷயரின் உச்சத் தரத்தைக் குறைத்தன. ஆனால் கையிலிருந்து பெருந்தொகை வெளியேறவில்லை. ஒப்பந்தம் செய்யும்போதே, இடையில் ஈட்டுத்தொகை கேட்கும் உரிமையைப் பெரும்பாலான ஒப்பந்தங்களில் எதிர்த்தரப்புக்கு அவர் கொடுக்கவில்லை. தவணை நாளுக்கு முன்னர் தீர்க்கச் சொல்லும் உரிமையும் எவருக்கும் இல்லை. எனவே காத்திருக்க முடிந்தது. 2010இல் எட்டு ஒப்பந்தங்கள் இருதரப்பு இசைவோடு முடிக்கப்பட்டன. அவற்றுக்காக முன்பு பெற்றது 64.7 கோடி டாலர். திருப்பிக் கொடுத்தது 42.5 கோடி டாலர். முதல் தவணை வந்த 2019இல் அமெரிக்கக் குறியீட்டெண் 2004இல் இருந்ததைப் போல் இரு மடங்குக்கும் மேல் உயர்ந்திருந்தது. எனினும் ஐரோப்பியக் குறியீட்டெண் 2007ஆம் ஆண்டின் உச்சத்தை எட்ட அதன்பின்னும் சில ஆண்டுகள் ஆயின. ஆகவே பதினைந்து ஆண்டும் எல்லா இடத்துக்கும் போதுமான காலம் என்று கூற இயலாது.

நெடுந்தவணைக்கு அவ்வாய்பாடு பொருந்தாது என்பதும் பஃபெட்டின் வாதம். 100 ஆண்டுத் தவணையில் 100 கோடி டாலர் மந்திக்கு 2008 இறுதியில் வாய்பாடு கூறிய விலை 25 இலட்சம் டாலர். நூறாண்டுக்குப் பின் குறியீட்டெண் கீழே இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்று, இருந்தால் பாதி வீழ்ந்திருக்கும் என்று கொண்டாலும், எதிர்பார்க்கத்தக்க இழப்பு 50 இலட்சம் டாலர்தான். 25 இலட்சத்தை ஆண்டுக்கு 0.7 விழுக்காட்டில் வளர்த்தாலே நூறாண்டில் அது ஈடாகிவிடும் என்று அவர் கணக்கிட்டார்.

இரு தரப்பாரும் விற்றது ஏறத்தாழ ஒரே சரக்கு. இரு தரப்பாரும் அச்சத்தின் விலை மிகுதி என்றே கருதினர். அக்கருத்தில் நோபல் பரிசு பெற்றவர்கள் தவறினர் என்று சொல்வதற்கில்லை. சரி என்று மெய்ப்படும் நாள்வரை நிற்க அவர்களிடம் பொருள் இல்லை. கடனும் ஈட்டுத்தொகையும் ஒருவரை வீழ்த்தின. கடனின்மையும் ரொக்கமும் மற்றவரைக் காத்தன. 1884இல் சேஜைக் காத்ததும் அதுவே.

சிராவக அறத்தின் அளவுகோல்

இல்லறத்தார்க்கு உரிய ஐந்து அணுவிரதங்களுள் ஐந்தாவது மிகுபொருள் விரும்பாமை. பரிக்கிரக பரிமாணம் என்று வடமொழியில் வழங்குவது. நிலம், வீடு, பொன், தானியம், கால்நடை முதலியவற்றுக்கு இவ்வளவே என வரையறை செய்துகொண்டு, அதற்கு மேல் விழையாதிருத்தல் அதன் இலக்கணம். ஆசாரிய சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்தின் குற்றங்களாக ஐந்தினைக் கூறுகிறார். அளவுக்கு மீறி ஓட்டுதல், அளவுக்கு மீறிச் சேர்த்தல், பிறர் பேறு கண்டு வியத்தல், பேராசை, அளவுக்கு மீறிய பாரம் ஏற்றுதல் என்பன அவை. இந்நூலின் வழிவந்ததே தமிழில் உள்ள அருங்கலச்செப்பு.

அதிபாரம் ஏற்றுதல் என்பது முதலில் வண்டி மாட்டுக்கும் பொதி சுமக்கும் விலங்குக்கும் சொல்லப்பட்டது. தாங்க இயலாத சுமையை ஊதியத்துக்காக ஏற்றுவது குற்றம் என்பது அதன் கருத்து. மந்தி விற்பவர் அந்தப் பாரத்தைத் தம் மீதும் தம் குடும்பத்தின் மீதும் ஏற்றுகிறார். மாட்டின் மேல் ஏற்றிய சுமை கண்ணுக்குத் தெரியும். கையெழுத்தில் ஏற்றிய சுமை தவணை நாள் வரை தெரிவதில்லை. பெற்ற கட்டணம் மட்டுமே வருமானம் போலத் தெரிகிறது. பரிமாண விரதம் ஏற்பவர் உடைமைகளைப் பட்டியலிடும்போது வீடும் நிலமும் பொன்னும் இடம்பெறுகின்றன. கொடுத்த வாக்குகள் இடம்பெறுவதில்லை. ஐந்து இலட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்குவேன் என்று கொடுத்த வாக்கும் அந்தப் பட்டியலில் ஐந்து இலட்சமாகவே எழுதப்பட வேண்டும். அறுபதினாயிரம் வருமானம் என்று எழுதுவது கணக்கின் ஒரு பக்கத்தை மறைப்பதாகும்.

இவ்வளவுகோலால் பார்த்தால் மந்தி விற்பது தன்னளவில் பாவமோ புண்ணியமோ அன்று. வாங்க விரும்பும் பங்கை, விரும்பும் விலைக்கு, அதற்குரிய முழுப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு, வாங்குவேன் என்று வாக்களித்து ஊதியம் பெறுபவர் வணிக நெறி பிறழாதவரே. விலை வீழ்ந்தால் பங்கைப் பெற்றுக்கொள்வார். வீழாவிட்டால் கட்டணத்தோடு அமைவார். பணத்தின் ஒரு சிறு பகுதியை ஈடாகக் கட்டி, மீதியைக் கடனாலும் நம்பிக்கையாலும் நிரப்பிப் பலமடங்கு வாக்களிப்பவரோ அதிபாரம் ஏற்றியவர். இந்தியாவில் 2019 அக்டோபர் முதல் தனிப் பங்கு ஆப்ஷன்கள் யாவும் பங்கை ஒப்படைத்தே தீர்க்கப்படுகின்றன. ஆகவே வாக்கு என்பது இன்று வெறும் வேறுபாட்டுத் தொகை அன்று; முழு விலையையும் எண்ணி வைக்க வேண்டிய கடமை.

இது ஏட்டுச் செய்தி அன்று. செபி அமைப்பு 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் பங்கு வழிப்பொருள் சந்தையில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களுள் 93 விழுக்காட்டினர் இழப்பே கண்டனர். மொத்த இழப்பு 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அவருள் வாங்கியவரும் உண்டு, விற்றவரும் உண்டு. ஓய்வுக்காலச் சேமிப்பும், மகள் திருமணத்துக்கென ஒதுக்கியதும், கடையின் முதலும் அத்தொகையில் கலந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாதந்தோறும் உறுதியான வருமானம் என்று மந்தி விற்பனையை இளைஞர்க்குக் கற்பிக்கும் பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. பல மாதங்கள் அது உண்மையாகவே தோன்றும். 1883இல் சேஜுக்கும், 1997இல் அந்த நிதியத்துக்கும், 1864இல் பம்பாய்க்கும் அவ்வாறே தோன்றிற்று.

ஆகவே இவ்வணிகத்தில் இறங்க எண்ணும் இல்லறத்தார் மூன்றினைத் தமக்குள் கேட்டுத் தெளிதல் வேண்டும். வாக்களித்த தொகை முழுவதும் கடன் வாங்காமல் தம்மிடம் உள்ளதா? விலை பாதியாக வீழ்ந்த நாளில், இடையில் ஈட்டுத்தொகை கேட்கப்பட்டால், வீட்டையோ கடையையோ விற்காமல் கட்ட இயலுமா? அப்பங்கு தம் கைக்கு வந்தால் பல ஆண்டுகள் வைத்திருக்க மனம் உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால் சுமை அளவானது. ஒன்றுக்கு இல்லை என்றாலும் அக்கட்டணத்தைப் பெறாதிருப்பதே நலம்.

திருவிழா நாளில் விரதம் ஏற்போர், உடைமைப் பட்டியலின் அருகே, கொடுத்துள்ள வாக்குகளுக்கும் ஈட்டுறுதிகளுக்கும் ஒரு பத்தி ஒதுக்கி எழுதி, அதனைக் குடும்பத்தாரும் அறியச் செய்வது நற்பயன் தரும். மூத்தோர் அவ்வாறு எழுதிக் காட்டினால் இளையோர் தாமே கற்றுக்கொள்வர். அருகன் அருளிய அளவறிந்து வாழும் நெறி எல்லார் இல்லத்திலும் தழைப்பதாக.